சீலியாக் உள்ளவர்கள் ஷேக் பவுடர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சீலியாக் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள க்ளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) என்று உறுதியானதும் கோதுமையை அடியோடு நிறுத்திவிட்டேன். அப்படியும் மூன்று வாரம் வயிற்று உப்புசமும் பேதியும் விடவில்லை. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், காலை உணவுக்குப் பதிலாகக் குடித்த சாக்லேட் ஷேக்தான் காரணம். டப்பாவின் முன்பக்கம் 'வீட் ஃப்ரீ' (கோதுமை இல்லாதது) என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் 'பார்லி மால்ட் எக்ஸ்ட்ராக்ட்'.

முதல் வேலை: 'க்ளூட்டன் ஃப்ரீ' என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி, அப்படிப் போடும் பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருக்கக் கூடாது. 'வீட் ஃப்ரீ'யை வைத்து முடிவு செய்யாதீர்கள். பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் க்ளூட்டன் உண்டு. பச்சைப் புள்ளி சைவம் என்பதை மட்டும்தான் சொல்லும்.

அடுத்து, சேர்மானப் பட்டியல். என்னை அதிகம் குழப்பியது இதுதான். மால்ட், மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்று இருந்தால் டப்பாவைத் திரும்ப வைத்துவிடுங்கள். மால்ட் பெரும்பாலும் முளைகட்டிய பார்லியிலிருந்து வருவது. ஆனால் 'மால்டோடெக்ஸ்ட்ரின்' வேறு. பெயர்தான் ஒன்றுபோல இருக்கிறது. அது மாவுச்சத்தை உடைத்து எடுப்பது, சீலியாக் உள்ளவர்களுக்குப் பொதுவாகப் பயமில்லை. இது தெரியாமல் நல்ல பவுடர்களைக்கூட மாதக்கணக்கில் ஒதுக்கிவைத்திருந்தேன். ஓட்ஸ் இருந்தால், க்ளூட்டன் ஃப்ரீ ஓட்ஸ் என்றே எழுதியிருக்க வேண்டும். சாதாரண ஓட்ஸில் வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடும். சுத்தமான ஓட்ஸ்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பட்டியலுக்குக் கீழே 'மே கன்டெய்ன் வீட்' என்ற வரி இருந்தால் நான் வாங்குவதில்லை, விலை எவ்வளவு குறைந்தாலும் சரி. பெரிய டப்பாவிலிருந்து அள்ளி எடை போட்டுத் தரும் பவுடரும் வேண்டாம்.

என் விருப்பம் பட்டாணிப் புரதம் சேர்த்த, வெனிலா வாசனை மட்டும் உள்ள பவுடர். குடல் இன்னும் ஆறாத ஆரம்ப மாதங்களில் பலருக்குப் பால் சர்க்கரை செரிக்காது. அப்போது பால் சர்க்கரை கொஞ்சம் மிஞ்சியிருக்கும் வே கான்சன்ட்ரேட் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்) குடித்து வயிறு உப்பினால் க்ளூட்டன் என்று நினைத்துத் தவித்துப்போவோம். வெறும் புரோட்டீன் பவுடர் ஒரு வேளைச் சாப்பாடு ஆகாது என்பதையும் மறக்காதீர்கள். இரும்பு, ஃபோலேட், பி12 இருக்கிறதா என்று பாருங்கள். சீலியாக்கில் இவைதான் அடிக்கடி குறைகின்றன.

அப்புறம் மிக்ஸி. கோதுமை ரவை பொடித்த ஜாரிலேயே ஷேக் அடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மூடியின் ரப்பர் வளையத்தைக் கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்தால், அடியில் வெள்ளையாக மாவு கோடு போட்டு இறுகிக் கிடந்தது. அன்றே தனி ஜார் வாங்கினேன்.

பின்சேர்க்கை: வீட்டிலேயே சத்துமாவு அரைத்துக் குடிக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை எல்லாவற்றிலும் க்ளூட்டன் இல்லை, தாராளமாகக் குடிக்கலாம். வழக்கமாகப் போடும் சம்பா கோதுமையையும் பார்லியையும் விட்டுவிடுங்கள். மாவு மில்லில் மட்டும் கொடுக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால் அந்த மாவு உங்கள் கேழ்வரகில்தான் வந்து சேரும். நான் பாக்கெட் கேழ்வரகைக் கழுவிக் காயவைத்து, வறுத்து, அந்தத் தனி ஜாரிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பொடித்து இரண்டு முறை சலித்துக்கொள்கிறேன். சல்லடையும் புதிது.