மடலாடற்குழுவை இன்றும் பயன்படுத்துவது எப்படி

பழைய நூல்களைத் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்ப்பது போன்ற பணியைப் பல ஊர்களிலிருந்து கூடிச் செய்யும் ஆர்வலர்கள், உரையாட ஓரிடம் அமைக்கும் முன் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இன்று நாம் எடுக்கும் முடிவை, ஐந்தாண்டு கழித்துச் சேரும் ஒருவர் தேடி எடுக்க வேண்டியிருக்குமா? ஒரு பாடலுக்கு எந்தப் பதிப்பின் பாடத்தைக் கொள்வது, சந்தி பிரிப்பதா வேண்டாமா என்பன போன்ற முடிவுகளுக்கு அந்தத் தேவை நிச்சயம் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் அவை காலை வணக்கங்களுக்கு அடியில் ஒரே வாரத்தில் புதைந்துவிடும்; ஒரே முகவரிக்கு எழுதும் மின்னஞ்சல் உறுப்பினர் அனைவருக்கும் போய்ச் சேரும் மடலாடற்குழுவிலோ, தலைப்புடன் கூடிய தனி இழையாக (ஒரே பொருள் பற்றிய மடல்களின் தொடராக), காரணங்களும் மறுப்புகளும் சேர்ந்தே நிற்கும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர்களை மின்னஞ்சல் வழியே ஒருங்கிணைத்துத் தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கியது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

சிறிய குழுவுக்குக் கூகுளின் மடலாடற்குழுச் சேவையான கூகுள் குரூப்ஸ் போதும். சொந்தத் தளப்பெயரும் (இணைய முகவரியும்) வழங்கியை (சர்வரை) பராமரிக்க ஒருவரும் இருந்தால், மடலாடற்குழுக்களை நடத்தும் மெயில்மேன் மென்பொருளை நிறுவலாம். எதுவாயினும் புதிய உறுப்பினரின் முதல் மடல் மட்டுறுத்துநர் (மடல்களைச் சரிபார்த்து அனுமதிப்பவர்) பார்வைக்குச் சென்ற பிறகே வெளியாகுமாறு அமையுங்கள். எரிதங்களில் (வேண்டாத விளம்பர மடல்களில்) பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். மறுமொழி குழுவுக்குச் செல்ல வேண்டுமா, எழுதியவருக்கு மட்டுமா என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்து அறிவித்துவிடுங்கள். தனிமடல் என்று எண்ணி எழுதியது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்து மனம் புண்படுவது இந்த ஓர் அமைப்பைக் கவனியாமல் விடுவதால்தான்.

மடல்கள் சிலருக்குப் போய்ச் சேராமல் திரும்பினால் பெரும்பாலும் காரணம் டிமார்க் (DMARC) விதியாக இருக்கும். அனுப்புநர் முகவரிக்கும் மடலை உண்மையில் அனுப்பும் வழங்கிக்கும் பொருத்தம் இல்லாவிட்டால் மடலை நிராகரிக்கச் சொல்லும் விதி அது. 2014 ஏப்ரலில் யாகூ இதைத் தன் முகவரிகளுக்குக் கடுமையாக்கியபோது உலகெங்கும் மடலாடற்குழுக்கள் தடுமாறின. அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியை இடும் வசதி மெயில்மேனில் உள்ளது; அதை இயக்கிவிட்டால் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

எழுதுவோர்க்கு மூன்று பழக்கங்களை வற்புறுத்துவேன். பேச்சு வேறு பொருளுக்குத் திரும்பினால் புதிய தலைப்பில் புதிய மடலாகத் தொடங்க வேண்டும். முந்தைய மடல் முழுவதையும் இழுத்து வராமல், பதில் கூறும் வரிகளை மட்டும் மேற்கோளாக வைத்து, அதன் கீழே எழுத வேண்டும். விவாதம் முடிந்ததும் யாரேனும் ஒருவர் அந்த இழையிலேயே முடிவை இரண்டு வரிகளில் பதிய வேண்டும். மூன்றாவதைச் செய்பவர் அரிது. ஆனால் பிற்காலத்தில் தேடி வருவோர்க்கு மிகவும் உதவுவது அதுவே.

மின்னஞ்சலை விரும்பாத இளைய உறுப்பினர் பெருகினால் இணைய விவாத மன்றம் நடத்த உதவும் டிஸ்கோர்ஸ் நல்ல மாற்று. 2013இல் வெளிவந்த அந்தக் கட்டற்ற மென்பொருளில் இழையும் தேடலும் உண்டு. தகுந்தவாறு அமைத்தால் மின்னஞ்சலிலிருந்தே பதில் எழுதவும் முடியும். லினக்ஸ் கணினிகளுக்கான திரைமுகப்பை உருவாக்கும் க்னோம் திட்டம் 2022இல் தன் மடலாடற்குழுக்களை விட்டு அதற்கு மாறியது. வாட்ஸ்அப்பையும் விலக்க வேண்டியதில்லை. கூட்ட நேரம், அவசரச் செய்தி ஆகியவற்றுக்கு அதுவே விரைவானது. ஆயினும் உறுப்பினரின் கைபேசி எண் குழுவில் உள்ளோர்க்குத் தெரியக்கூடும் என்பதால் முன்கூட்டியே இசைவு பெறுங்கள். அங்கே எட்டிய முடிவை அன்றே மடலாகவும் அனுப்பிவிடுங்கள்.

எந்த இடமும் நிலையானதன்று. யாகூவின் மடலாடற்குழுச் சேவையான யாகூ குழுமங்களில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த உரையாடல்கள் 2019 இறுதியில் தளத்திலிருந்து நீக்கப்பட்டன. 2020 டிசம்பரில் சேவையே நின்றது. ஆகவே மாதம் ஒருமுறை காப்பகத்தை எம்பாக்ஸ் (மடல்கள் அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்து வைக்கும் வடிவம்) கோப்பாக இறக்கி, இருவேறு உறுப்பினரின் கணினிகளில் சேமியுங்கள். கூகுள் குரூப்ஸில் குழுவின் உரிமையாளர் கூகுளின் தரவு இறக்கும் வசதியான டேக்அவுட் வழியே அதைப் பெறலாம். இறக்கிய கோப்பைத் தண்டர்பேர்ட் என்னும் மின்னஞ்சல் மென்பொருளில் திறந்து, தமிழ் எழுத்துகள் சிதையாமல் தெரிகின்றனவா என்று அன்றே பார்த்துவிடுங்கள்.