ஏரிப் பாசன நூலுக்குப் பொருளடைவு தயாரிக்கும் முறை

உள்ளூர் வரலாற்றை அரும்பாடுபட்டுத் தொகுத்த நூல்கள் பல, படங்களும் பின்னிணைப்புகளும் நிறைந்திருந்தும், எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் என்று நூலின் இறுதியில் அகரவரிசையில் காட்டும் பொருளடைவு இல்லாமலேயே அச்சேறிவிடுகின்றன. முந்நூறு பக்க நூலில், ஏரியின் மிகுநீர் வெளியேறும் கலிங்கைப் பற்றிய செய்தி எங்கே இருக்கிறது என்று தேடுபவர் முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியிருக்கிறது. ஆசிரியர் பத்தாண்டு தேடிச் சேர்த்தது வாசகர் கைக்கு எட்டாமல் போவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி. ஏரி, கண்மாய்ப் பாசனம் பற்றிய நூல் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பொருளடைவை எப்படி உருவாக்குவது என்று இங்கே விளக்குகிறேன்.

கணினியில் தேடினால் போதாதா என்று கேட்பவர்கள் "குளம்" என்ற சொல்லை ஒருமுறை தேடிப் பார்க்கலாம். மாட்டின் "குளம்பு" கிடைக்கும். "குளத்தின் கரை" கிடைக்காது. "மதகு" என்று தேடினால் "மதகின்" தப்பிவிடும். வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் வடிவமே மாறிவிடும் மொழியில், எழுத்தைத் தேடுவது வேறு, பொருளைத் தேடுவது வேறு. பொருளைத் தேடித் தருவதற்கு நூலை முழுவதும் படித்த ஒருவர் வேண்டும்.

பக்க எண்கள் இனி மாறாது என்று உறுதியான பிறகே, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கும் கடைசி மெய்ப்பின் மீதே, வேலையைத் தொடங்க வேண்டும். பென்சிலோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பத்தியையும் படித்து, "இந்தப் பத்தியைத் தேடி ஒருவர் வருவாரானால் எந்தச் சொல்லோடு வருவார்?" என்று கேட்டு, அந்தச் சொல்லை ஒரு சீட்டில் பக்க எண்ணோடு எழுதுங்கள். ஒரு சீட்டுக்கு ஒரு சொல், ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டால் பிறகு அடுக்குவது எளிது. போகிற போக்கில் பெயர் மட்டும் வந்துபோகும் இடங்களை விட்டுவிடலாம். அங்கே போன வாசகர் ஏமாந்து திரும்புவார். செய்தி தொடர்ச்சியாக ஓடினால் 45–49 என்றும், விட்டுவிட்டு வந்தால் 45, 47, 49 என்றும் குறிக்க வேண்டும். ஒரு தலைச்சொல்லின் கீழ் ஆறேழு பக்க எண்களுக்கு மேல் குவிந்தால், "மதகு: அமைப்பு, பழுது, திறக்கும் முறை" என்பது போல் உட்தலைப்புகளாகப் பிரித்துவிடுங்கள்.

அடுத்து வருவதுதான் உழைப்பையும் பொறுமையையும் அதிகம் கேட்கும் பகுதி. ஒரே பொருளுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறது. செங்கற்பட்டுப் பக்கம் ஏரி என்பது மதுரை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய். நெல்லைச் சீமையில் குளம். நான் முதலில் தயாரித்த அடைவில் எல்லாவற்றையும் "ஏரி" என்ற தலைப்பிலேயே சேர்த்திருந்தேன். இராமநாதபுரத்துக்காரர் ஒருவர் "கண்மாய்" என்று தேடி, கிடைக்காமல், நூலில் தம் ஊர்ச் செய்தியே இல்லை என்று எண்ணி மூடி வைத்துவிட்டார். அவர் ஊருக்காக ஒரு முழு இயலே அதில் இருந்தது. அன்றிலிருந்து நான் விடாமல் கடைப்பிடிப்பது இது: பக்க எண்களை ஒரு சொல்லின் கீழ் வைத்தாலும், வாசகர் கொண்டுவரக்கூடிய மற்ற சொற்கள் அனைத்தையும் அகரவரிசையில் நிறுத்தி, "கண்மாய் – ஏரி காண்க", "கலுங்கு – கலிங்கு காண்க", "வீரநாராயண ஏரி – வீராணம் ஏரி காண்க" என்று வழி சொல்ல வேண்டும். நீர் பங்கிடுபவரை நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று பலவாறாக அழைப்பதையும் இப்படியே கையாள வேண்டும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. மடை என்பது நீர் பாயும் வாய். சாமிக்குப் படைக்கும் படையலும் மடைதான். கரை என்பது ஏரிக்கரையாகவும் இருக்கலாம், ஊர் நிலத்தில் ஒருவருக்குள்ள பங்காகவும் இருக்கலாம். "கரை (ஏரி)", "கரை (நிலப் பங்கு)" என்று பிறைக்குறிக்குள் விளக்கம் தந்து இரண்டாகப் பிரிக்காவிட்டால், இரண்டின் பக்க எண்களும் கலந்து எவருக்கும் பயன்படாமல் போகும்.

சொற்கள் சேர்ந்த பிறகு அவற்றை ஒருமுறை பொருள் வகையாகவும் அடுக்கிப் பாருங்கள். நம்மிடம் இரு மரபுகளுமே உண்டு. பழைய சொற்பொருள் நூலான திவாகர நிகண்டு தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனத் தொடங்கிப் பன்னிரண்டு தொகுதிகளாகச் சொற்களை வகைப்படுத்தியது; 1594ஆம் ஆண்டைச் சேர்ந்த அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசையில் அடுக்கியது. முதலாவது இனத்தை இனத்தோடு சேர்க்கிறது. இரண்டாவது தேடும் சொல் ஒன்று மட்டுமே கையில் இருப்பவருக்கு உதவுகிறது. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1933இல் வெளியிட்ட, நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறையில், ஒரு பொருளை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல் பல முகங்களாகப் பிரித்துப் பார்க்கக் கற்றுத் தந்தார். ஏரி நூலுக்கு அந்த முகங்கள் கட்டுமானம் (மதகு, நீரை வெளிவிடும் தூம்பு, கலிங்கு, ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்), மனிதர் (நீர்க்கட்டி, கணக்குப்பிள்ளை), செயல் (ஊரார் கூடிப் பழுதுபார்க்கும் குடிமராமத்து, தூர்வாருதல்), ஆவணம் (உத்திரமேரூர்க் கல்வெட்டு, அதில் வரும் ஏரி வாரியம் என்னும் ஊர்க்குழு), இடம், காலம் என அமையும். இப்படி வரிசைப்படுத்தும்போது விடுபட்டவை தாமாகவே கண்ணில் படும். மதகுக்கும் தூம்புக்கும் சீட்டு இருந்து வரத்துக்காலுக்கு இல்லையென்றால், அது நூலில் இல்லையா, நாம்தான் கவனிக்காமல் விட்டோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கலாம். "குடிமராமத்து – மேலும் காண்க: தூர்வாருதல்" போன்ற இணைப்புகளும் இந்தப் பட்டியலிலிருந்தே கிடைக்கும்.

அகரவரிசைப்படுத்தும் வேலையைக் கணினியிடம் விட்டால், முடிவைக் கண்ணால் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. நம் வரிசைப்படி கலிங்கு, கவலை, கழனி, களம் என்று வர வேண்டியதை, கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் வைத்திருக்கும் யூனிகோடு எண்களை மட்டுமே பார்த்து அடுக்கும் மென்பொருள் கலிங்கு, களம், கழனி, கவலை என்று மாற்றிவிடும். புள்ளி எழுத்து முதலில் வருவதால் கண்மாய்க்குப் பிறகே கணக்குப்பிள்ளை வர வேண்டும். அதையும் அது தலைகீழாக்கும். ஜகரச் சொற்களைச் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே செருகும். ஆட்பெயர்களில் முன்னெழுத்தைப் பின்னே தள்ளி, "ரங்கநாதன், எஸ். ஆர்." என்று பெயரை முன்வைத்து எழுதி, "அரங்கநாதன்" என்று தேடுபவருக்கும் ஒரு "காண்க" வைப்பது நல்லது.

இறுதியாக, அடைவிலிருந்து இருபது பதிவுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்து அந்தப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். பின்பு நூலில் ஐந்து பக்கங்களைத் திறந்து, அவற்றின் முக்கியச் செய்தி அடைவில் இருக்கிறதா என்று தேடுங்கள். "கலுங்கு – கலிங்கு காண்க" என்று அனுப்பிய வாசகரை "கலிங்கு – கலுங்கு காண்க" என்று திருப்பி அனுப்பும் வட்டங்கள் ஏதேனும் இருந்தால் நீக்குங்கள். அதன்பின், நூலைப் படிக்காத, ஆனால் ஏரிப் பாசனம் தெரிந்த ஒருவரிடம் அடைவை மட்டும் கொடுத்து, அவருக்கு வேண்டிய பத்துச் செய்திகளைத் தேடச் சொல்லுங்கள். எந்தச் சொல்லைத் தேடி அவர் விரல் வெறும் இடத்தில் நிற்கிறதோ, அந்தச் சொல்லைக் குறித்துக்கொண்டு அங்கே ஒரு "காண்க" சேர்த்துவிட்டு நூலை அச்சுக்கு அனுப்பலாம்.