இணைய ஏலத்தை முடிக்கும் நேரம்: நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பழைய முத்திரை, ஒல்லாந்தர் காலத்துக் காசு, நாணயத்தாள் சேர்ப்போர் முகநூலிலோ வட்ஸ்அப்பிலோ ஏலம் வைக்கும்போது, பிணக்கு பெரும்பாலும் கடைசி நிமிடத்தில்தான் கிளம்புகிறது.

முதல் தவறு, இரவு 9 மணியானதும் கதவைச் சாத்துவதுபோல ஏலத்தை மூடிவிடுவது. அப்படியென்றால் விவரம் தெரிந்தவர் 8.59 வரை வாயே திறக்க மாட்டார். முன்கூட்டி விலை கேட்டவர் அதற்குமேல் கூட்டிக் கேட்க அவகாசமின்றித் தோற்பார், விற்பவருக்கும் உரிய விலை வராது. குறித்த நேரத்தில் மூடும் இணைய ஏலத் தளமான ஈபேயையும், கடைசிப் பத்து நிமிடத்துக்குள் கேள்வி (விலைக்கேட்பு) விழுந்தால் நேரத்தை நீட்டிய அன்றைய அமேசன் ஏலத்தையும் ஒப்பிட்டுப் பொருளியலாளர்கள் ஆல்வின் ரொத், அக்செல் ஒக்கன்ஃபெல்ஸ் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, கடைசி நேரக் கேள்விகள் ஈபேயிலேயே மிக அதிகம் என்று காட்டியது. நம் கோயில் ஏலங்களில் “ஒருதரம், இரண்டுதரம்” என்று நிறுத்திக் கூறுவதும் இதற்காகத்தான். இடையில் ஒருவர் கூட்டிக் கேட்டால் எண்ணிக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால், அந்தக் கேள்வியிலிருந்து இன்னும் ஐந்து நிமிடம் கொடுக்க வேண்டும். ஒரு நிமிடம் மட்டும் நீட்டுவது, வலையமைப்பு மந்தமான ஊர்களில் நீட்டாததற்குச் சமம்.

நீட்டிப்பை எல்லாப் பொருளுக்கும் சேர்த்து வழங்குவது அடுத்த தவறு. ஒரு முத்திரைக்காக நாற்பது பொருள்களும் நள்ளிரவுவரை திறந்துகிடக்கும். கேள்வி விழுந்த பொருளுக்கு மட்டும் நீட்டி, மற்றவற்றை இரண்டிரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக முடிப்பதே நல்லது.

“9 மணி வரை” என்று மட்டும் எழுதுவதும் போதாது. வட்ஸ்அப்பில் செக்கன் தெரியாததால் 9.00 என்று காட்டும் இரண்டு செய்திகளில் எது உரிய நேரத்துக்குள் வந்தது என்று எளிதில் நிரூபிக்க முடியாது, “8.59 என்று காட்டும் செய்தியே கடைசி, நடத்துபவரின் தொலைபேசியில் தெரியும் வரிசையே முடிவு” என்று எழுதிவிட்டால் வாதமில்லை. இலண்டனிலிருந்து கேட்கும் உறவினர்களுக்காக “இலங்கை நேரம்” என்பதையும் சேர்க்க வேண்டும்: நமது இரவு 9 மணி அங்கே கோடையில் மாலை 4.30, குளிர்காலத்தில் 3.30.

எல்லாவற்றிலும் மோசமானது, ஏலம் ஓடும்போது நடத்துபவர் தன் விருப்பப்படி நேரத்தை மாற்றுவது. மின்தடையால் அவரது இணைப்பே அறுந்தால் மறுநாள் அதே நேரத்துக்கு ஏலம் தள்ளிப்போகும், அதுவரை விழுந்த கேள்விகள் செல்லும் என்பதைக்கூடப் பொருளின் படத்தைப் போடும்போதே எழுதிவிட வேண்டும்.