பிரிக்காத சீட்டுக்கட்டும் கெட்டுப்போகும்

பழைய வண்ணாரப்பேட்டையில் நின்றுகொண்டு 'நான் சீட்டு சேர்க்கிறேன்' என்று சொன்னால், "மாசம் எவ்வளவு, தள்ளு எவ்வளவு போகுது?" என்றுதான் கேட்பார்கள். நான் சொல்வது ஏலச்சீட்டை அல்ல. ராஜா, ராணி, ஜோக்கர் இருக்கும் சீட்டுக்கட்டை. புதிதாகச் சேர்க்க ஆரம்பித்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே: பிரித்து ஆடலாமா, அப்படியே வைத்திருக்கலாமா?

முதல் தவறு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பிரிக்காமல் வைத்தாலே பத்திரம் என்று நினைத்துக்கொள்கிறோம். கடலோரத்தில் அது நடக்காது. என் தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கப்பல்காரர் ஒருவர் கொடுத்த வெளிநாட்டுக் கட்டை, மேலே சுற்றிய கண்ணாடித்தாளைக்கூடப் பிரிக்காமல், ராயபுரம் வீட்டு பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தார். நாங்கள் கிட்டே போனாலே திட்டு விழும். அவர் காலத்துக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால் தாள் ஒரு மூலையில் விட்டுப்போய், ஓரமெல்லாம் வெள்ளிப்பூச்சி அரித்து, மொத்தக் கட்டும் செங்கல் மாதிரி ஒட்டிக் கிடந்தது. நாங்கள் திண்ணையில் கழுதை ஆடித் தேய்த்த பர்மா பஜார் கட்டில் மூன்று சீட்டுதான் காணோம். மற்றதெல்லாம் இன்றைக்கும் விசிறி மாதிரி விரிகிறது.

காரணம் எளிது. நல்ல சீட்டு ஒற்றை அட்டை அல்ல. இரண்டு தாள்களை நடுவில் கருத்த பசை வைத்து ஒட்டி, மேலே பூச்சு கொடுக்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் பின்பக்கம் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கருப்பு. காகிதம் ஈரத்தை இழுத்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒரு பக்கம் கூடுதலாக இழுத்தால் சீட்டு வளையும். காகிதத்துக்குக் காற்றில் 40 முதல் 50 சதவீதம் ஈரப்பதம் போதும். நம் ஊரில் அது 70ஐத் தாண்டும் நாட்கள்தான் அதிகம். கண்ணாடித்தாள் இதை முழுசாகத் தடுக்காது. வருஷங்கள் போகப்போக அதுவே இறுகி, பெட்டியின் மூலைகளை நசுக்கவும் செய்யும்.

அடுத்தது இடம். பரணில் வைக்காதீர்கள், மொட்டை மாடிக்கு நேர் கீழே சித்திரை வெயில் அப்படியே இறங்கும். அடித்தட்டும் வேண்டாம். 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாமும் பார்த்த பிறகு இதை விளக்கத் தேவையில்லை. மழையில் ஊறும் வெளிச்சுவரை ஒட்டாமல், வீட்டின் உள்சுவர்ப் பக்கம், இடுப்புக்கு மேலே உள்ள தட்டு சரியாக இருக்கும். இறுக்கமாக மூடும் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு மூன்று போதும். நீல மணி இளஞ்சிவப்பானால் மாற்றிவிடுங்கள். ஆசையாக ஒரு கைப்பிடி கொட்டினால் சீட்டு அளவுக்கு மீறிக் காய்ந்து வேறு பக்கமாக வளையும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை உள்ளே போட்டு வைத்தால் ஊகிக்க வேண்டியதில்லை.

பாச்சை உருண்டை போடவே கூடாது. அதன் ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், நாற்றமும் போகாது. ரப்பர் பேண்டும் ஆகாது. வெக்கையில் உருகி ஒட்டும், ஓரத்தில் பள்ளம் விழும். லேமினேஷன் செய்துகொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. உறை போட்டே ஆக வேண்டுமென்றால் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் என்று கேட்டு வாங்குங்கள், பிவிசி வேண்டாம்.

சரி, ஆடலாமா? இங்கே பெரிய தவறு, எல்லாக் கட்டும் ஒருநாள் விலையேறும் என்று நம்புவது. பைசைக்கிள் என்ற அமெரிக்க பிராண்டின் கட்டு 1885இலிருந்து அச்சாகிறது. சாதாரண சிவப்பு, நீலப் பைசைக்கிளைப் பூட்டி வைத்துப் பயனில்லை, நாளைக்கே இன்னொன்று வாங்கலாம். லாஸ் வேகாஸ் பக்கத்து ஜெர்ரிஸ் நக்கெட் சூதாட்ட விடுதிக்காக 1970இல் அச்சான கட்டு வேறு கதை. பரிசுக் கடையில் மலிவாக விற்றது, பிறகு நூற்றுக்கணக்கான டாலருக்குப் போனது. வாங்கியவர்களில் நிறைய பேர் பிரித்து வித்தை காட்டித் தேய்த்துவிட்டதும் மிச்சம் அரிதானதற்கு ஒரு காரணம். அதையும் 2019இல் மறுபடி அச்சடித்தார்கள். ஆடிப் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்கு அது போதும்.

என் கணக்கு இதுதான்: ஒரே கட்டு இரண்டு இருந்தால் ஒன்றைப் பிரிப்பேன். ஒன்றுதான் இருக்கிறது, ஆனால் திரும்ப வாங்க முடியும் என்றால் அதையும் பிரிப்பேன். இனிக் கிடைக்காது என்பதை மட்டும்தான் தொடமாட்டேன்.

பிரிக்கும்போது பெட்டி வாயில் ஒட்டியிருக்கும் முத்திரையைக் கிழிக்காமல் பிளேடால் நறுக்குங்கள். ஜோக்கர், விளம்பரச் சீட்டு, பெட்டி எதையும் தூக்கிப் போடாதீர்கள். பழைய கட்டுக்கு விலை சொல்கிறவர் முதலில் பார்ப்பது எல்லாம் முழுசாக இருக்கிறதா என்பதைத்தான்.

ஆடும்போது எச்சில் தொட்டுச் சீட்டு எடுக்கும் பழக்கத்தை விடுங்கள். பஜ்ஜி தின்ற கையோடு உட்காராதீர்கள். வழுக்கட்டும் என்று முகப் பவுடர் தூவுவார்கள், கேரம் போர்டு நினைப்பு போல. அது வியர்வையோடு சேர்ந்து பசையாகும். அழுக்கானால் ஈரத்துணியால் துடைக்காமல் காய்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். முழு பிளாஸ்டிக் சீட்டு மட்டும்தான் தண்ணீரைத் தாங்கும்.

ஒட்டிப்போன கட்டைப் பிரித்தெடுக்க ஆவி காட்டாதீர்கள். தாத்தாவின் கட்டில் நான் அதைத்தான் செய்தேன். ஆட்டின் ராணியின் முகம் உரிந்து, அடுத்த சீட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதோடு நிறுத்திவிட்டேன். மிச்சம் ஐம்பது சீட்டும் இன்னும் செங்கல்லாகத்தான் இருக்கின்றன.