தடைக்காலத்தில் படகு பேட்டரியைக் காக்க ஒரு 20 வாட் சோலார் பேனல்

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடையால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். பேட்டரி கெடுவது கடலில் இல்லை, இந்த இரண்டு மாதத்தில்தான். தண்ணீர் ஊற்றும் ஈய-அமில பேட்டரி சும்மா இருந்தாலும் மாதம் 5 சதவீதம் வரை தானாக இறங்கும். எஞ்சின் அறையின் மே மாத வெக்கையில் அது இரட்டிப்பாகும். இறங்கியபடியே கிடந்தால் தட்டுகளில் சல்பேட் படிந்து இறுகும். அப்புறம் எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் செல்ஃப் இழுக்காது.

150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்று இப்படி நாளுக்கு அரை ஏ.எச். இழக்கும் என்று வையுங்கள். 20 வாட் பேனல் நல்ல வெயிலில் ஒரு ஆம்பியர் தரும், நாளுக்கு 4 ஏ.எச். ஏறும். தாராளம். ஆனால் 5 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று ராத்திரி முழுக்க எரிந்தாலே 5 ஏ.எச். காலி. காவலுக்குப் படுப்பவரின் செல்போனும் இதில்தான் ஏறும் என்றால் 50 வாட் வாங்குங்கள். கன்னியாகுமரியின் மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மழை மூட்டத்துக்கு அங்கேயும் 50 வாட்தான் சரி.

ஒன்றை மறக்கக் கூடாது: இந்தப் பேனல் நிறைந்த பேட்டரியை நிறைவாக வைத்திருக்கும், செத்ததை எழுப்பாது. அதனால் படகைக் கட்டியதும் கடைச் சார்ஜரில் முழுதாக ஏற்றுங்கள். ஏற்றிய பிறகே டிஸ்டில்டு வாட்டர் விட்டு மட்டம் சரிசெய்யுங்கள். தட்டு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முன்னதாகக் கொஞ்சம் விடலாம். டெர்மினலில் பூத்த பச்சையைச் சுரண்டி, இறுக்கி, வாஸ்லின் தடவுங்கள்.

“சின்னப் பேனல்தானே, நேராகக் கொடுத்தால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. 12 வோல்ட் பேனல் என்று எழுதியிருந்தாலும் வெறுமனே அளந்தால் 21 வோல்ட் காட்டும். இரண்டு மாதம் அப்படி விட்டால் பேட்டரி நிறைந்த பிறகும் கரண்ட் ஏறி, தண்ணீர் வற்றிவிடும். பேட்டரி நிறைந்ததும் சார்ஜைக் குறைக்கும் 10 ஆம்பியர் பி.டபிள்யூ.எம். வகை சோலார் கன்ட்ரோலர் ஒன்று கட்டாயம் வேண்டும். அதில் ஈய-அமில வகையைத் தேர்ந்தெடுத்து, ஃப்ளோட்டை, அதாவது நிறைந்த பிறகு பேட்டரியைத் தாங்கும் வோல்ட்டை, 13.5 அளவில் வையுங்கள்.

இணைக்கும் வரிசை முக்கியம். முதலில் பேட்டரி, பிறகுதான் பேனல், கழற்றும்போது தலைகீழ். கன்ட்ரோலர் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பேட்டரியைப் பார்த்தே தெரிந்துகொள்கிறது. பேனலை முதலில் கொடுத்தால் தப்பாக எடுத்துக்கொள்ளும். 2.5 சதுர மி.மீ. வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் போதும். பாசிட்டிவில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் ஃபியூஸ். ஒயரை மெயின் சுவிட்சுக்குப் பின்னால் கொடுக்காதீர்கள். சுவிட்சை அணைத்ததும் சார்ஜும் நின்றுவிடும். கன்ட்ரோலரைப் பேட்டரிப் பெட்டிக்குள் வைக்காமல் வெளியே மாட்டுங்கள், உள்ளே ஹைட்ரஜன் வாயு சேரும்.

இரண்டு பேட்டரி சீரியஸில் உள்ள 24 வோல்ட் படகில், ஒன்றுக்கு மட்டும் 12 வோல்ட் பேனல் மாட்டுவது பெரிய தப்பு. ஒன்று நிறைந்து மற்றது இறங்கி, ஜோடியே கெடும். பேனல்களையும் இரண்டாகச் சீரியஸில் கொடுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் உச்சிவெயில் கிட்டத்தட்டத் தலைக்கு நேரே அடிப்பதால் வீல்ஹவுஸ் கூரையில் படுக்கையாக வைத்தாலே போதும். தண்ணீர் வடிய லேசான சரிவு இருக்கட்டும். கயிற்றின் நிழல் ஒரு கோடாக விழுந்தாலும் உற்பத்தி சரியும், செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பதால். காக்கை எச்சமும் உப்பும் அதே வேலையைச் செய்யும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைக்கவும். படகுக்குப் பெயின்ட் அடிக்கும் நாளில் பேனலை மூடுங்கள். வெல்டிங் நடந்தால் பேனலையும் பேட்டரியையும் கழற்றிவிடுங்கள்.

மீட்டரைப் பகலில் வைத்தால் 13.5 காட்டும், அது கன்ட்ரோலர் கொடுக்கும் வோல்ட். விடியும் முன் அளந்து பாருங்கள். 12.6-க்கு மேல் என்றால் நலம். 12.4-க்குக் கீழே போனால் எங்கோ கரண்ட் கசிகிறது, அல்லது ஒரு செல் போய்விட்டது. செல் போயிருந்தால், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் அந்த ஒன்று மட்டும் தனியாகக் குறைந்து நிற்கும்.

ஜூன் முதல் வாரமே டீசலை கட் செய்துவிட்டு 5 விநாடி செல்ஃப் அடித்துப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி அப்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், கடையில் கூட்டம் சேரும் முன் லோடு டெஸ்டுக்கு (பாரம் கொடுத்துப் பார்க்கும் சோதனைக்கு) கொண்டுபோய்விடுங்கள்.