‘நம்ம வீட்டு ஆள் மாதிரி’: குழந்தைக்கு ஆயா வைப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். கதவைத் திறக்கும்போது மணி ஆறே முக்கால். மகள் குளித்து, உடை மாற்றி, தரையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா தோளில் பையை மாட்டியபடியே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "மன்னிச்சிருங்கக்கா, கிளம்பற நேரத்துல ஒரு வேலை வந்துருச்சு" என்றேன். "பரவாயில்லைம்மா" என்றார். மறுநாளும் இதேதான். அடுத்த வாரமும் இதேதான். ஏழு மாதம் போனதும் ஒருநாள், "வீட்டுல கொஞ்சம் வேலை இருக்கும்மா, இனிமே வர முடியாது" என்று சொல்லி நின்றுவிட்டார்.

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. எவ்வளவு நன்றாக வைத்திருந்தோம், நம்ம வீட்டு ஆள் மாதிரிதானே நடத்தினோம் என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் புலம்பினேன். அந்தப் பை ஏன் தோளிலேயே இருந்தது என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. ஆறு மணியிலிருந்து அவர் கிளம்பத் தயாராக இருந்திருக்கிறார். தினமும் முக்கால் மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று கணக்குப் போட்டால், மாதத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு முழு வேலைநாளைச் சம்பளமில்லாமல் வாங்கியிருக்கிறேன். வெளி ஆளாக இருந்திருந்தால் அப்படி வாங்க எனக்கே கூச்சமாக இருந்திருக்கும். ‘வீட்டு ஆள்’ என்ற சொல் அந்தக் கூச்சத்தைப் போக்கிவிட்டது.

ஆயா வைக்கும் வீடுகளில் நடக்கும் பெரும்பாலான தவறுகளைத் தோண்டினால் இந்தச் சொல்லில்தான் போய் முடியும். பாசத்தை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டு ஆளுக்கு வேலை நேரம் கிடையாது, லீவு கிடையாது, ‘முடியாது’ என்று சொல்லும் உரிமையும் கிடையாது. அதனால் தான் அது நமக்கு அவ்வளவு வசதியாக இருக்கிறது.

வாய்ப்பேச்சோடு விட்டுவிடுவது

முதல் தவறு இதுதான். சம்பளம் பேசுவோம், நேரம் பேசுவோம், ‘மத்ததெல்லாம் பார்த்துக்கலாம்’ என்று முடித்துவிடுவோம். அந்த ‘மத்ததெல்லாம்’தான் பிற்பாடு சண்டையாக வரும்.

ஒரு பக்கத் தாள் போதும். எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்பலாம். நாம் தாமதமானால் அந்த நேரத்துக்கு என்ன கணக்கு. வார லீவு எந்த நாள். உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளம் உண்டா. நாங்கள் ஊருக்குப் போகும் நாட்களுக்கு உண்டா. வேலையை விடுவதானால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், நிறுத்துவதானால் நாங்கள் எத்தனை நாள் முன்னால் சொல்வோம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல். படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டி, அவர் நம்பும் ஒருவரையும் கூட வைத்துக்கொள்ளலாம்.

இது ஏதோ அதிகப்படியான கறார் என்று நினைக்க வேண்டாம். வீட்டு வேலை செய்பவர்களுக்காகவே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூனில் ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது, எண் 189. வேலை நிபந்தனைகளை அவருக்குப் புரியும்படி, முடிந்தவரை எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வாரத்தில் தொடர்ச்சியாகக் குறைந்தது 24 மணி நேரம் ஓய்வு தர வேண்டும், மாதம் ஒருமுறையாவது சம்பளம் கைக்குப் போக வேண்டும், அடையாளச் சான்றும் பாஸ்போர்ட்டும் அவரிடமே இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை என்பது உண்மை. உங்கள் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்று தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் தாளில் என்ன எழுதுவது என்று திகைப்பவர்களுக்கு அது நல்ல அளவுகோல். கடைசியாகச் சொன்னதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ‘பத்திரமா இருக்கட்டும்’ என்று அவருடைய சான்றுகளை வாங்கிப் பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது. பிடித்து வைப்பது ஆகும்.

குழந்தை தூங்கும் நேரம்

வேலை எப்படி வளர்கிறது என்பதைப் பார்க்க வேண்டுமானால் மதியம் ஒரு மணிக்குப் பார்க்க வேண்டும். குழந்தை தூங்குகிறது. ஆயா சும்மா உட்கார்ந்திருக்கிறார். நமக்கு அது பொறுக்காது. ‘அந்த நாலு துணியை மடிச்சு வச்சிருங்களேன்’ என்போம். குழந்தையின் துணிதான், நியாயம்தான். அடுத்த வாரம் அதோடு நம் துணியும் சேரும். அப்புறம் பாத்திரம். அப்புறம் விருந்தாளி வந்தால் ஒரு கை சமையல். ஆறு மாதத்தில் குழந்தை பார்க்கும் ஆளாக வந்தவர் முழு வீட்டையும் தூக்கிச் சுமப்பார், சம்பளம் மட்டும் முதல் நாள் பேசியதாகவே இருக்கும்.

இதில் நஷ்டம் அவருக்கு மட்டும் இல்லை. தவழும் குழந்தையை வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்பவரின் கண் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. ஒன்றரை வயதுக் குழந்தை மூழ்க அரை வாளித் தண்ணீர்கூட வேண்டாம், சில அங்குலம் போதும். சத்தமும் கேட்காது. அந்த நேரத்தில் அவர் நம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தால் யார் மேல் தப்பு?

குழந்தையின் பாட்டில் கழுவுவது, அதன் துணி, அதன் சாப்பாடு, விளையாட்டுச் சாமான் எடுத்து வைப்பது என்று கோடு போட்டுவிடுங்கள். கோட்டுக்கு வெளியே வேலை வேண்டுமானால் கேளுங்கள், அதற்குத் தனியாகக் கொடுங்கள். ‘முடியாதும்மா’ என்றால் முகம் சுளிக்காதீர்கள். மதியத் தூக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பது வீண் நேரம் அல்ல. சாயங்காலம் குழந்தை பிடிவாதம் பிடிக்கும்போது பொறுமையோடு இருக்க அவருக்கும் தெம்பு வேண்டும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது

அவசரம்தான் எதிரி. லீவு முடிகிறது, திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும், யாராவது வந்தால் போதும் என்ற நிலையில் ஆள் எடுத்தால், முன்பு வேலை செய்த வீட்டுக்கு ஒரு போன்கூடப் போடாமல் எடுத்துவிடுவோம். போடுங்கள். ‘நல்லவங்களா?’ என்று கேட்காதீர்கள். யாரும் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார்கள். ‘எதுக்காக வேலையை விட்டாங்க? குழந்தைக்கு அப்ப என்ன வயசு? மறுபடி வேலைக்கு எடுப்பீங்களா?’ என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வருவதற்குள் விழும் சின்ன இடைவெளியைக் கவனியுங்கள்.

ஆயாவிடமே கேட்க எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. "குழந்தை அரை மணி நேரமா நிறுத்தாம அழுது, என்ன பண்ணியும் அடங்கல. என்ன செய்வீங்க?" ‘எங்கிட்ட எந்தக் குழந்தையும் அழாதுங்க’ என்பவரை நான் எடுக்க மாட்டேன். இரண்டாவதாக வந்த அக்கா யோசித்துவிட்டு, "பசியா, ஈரமா, காய்ச்சலானு பார்ப்பேன். ஒண்ணுமில்லைன்னா பத்திரமா தொட்டில்ல போட்டுட்டு அஞ்சு நிமிஷம் வெளிய வந்து மூச்சு விட்டுக்குவேன், உங்களுக்கும் போன் பண்ணுவேன்" என்றார். அன்றே முடிவு செய்துவிட்டேன். அழுகை தாங்காமல் கைக்குழந்தையைப் பிடித்து உலுக்கினால் மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு உயிரே போகலாம். தன் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு என்று தெரிந்தவரிடம்தான் குழந்தை பத்திரமாக இருக்கும்.

நீங்களும் வீட்டில் இருந்தபடி இரண்டு மூன்று நாள் சோதனைக்கு வரச் சொல்லலாம். அந்த நாட்களுக்கும் சம்பளம் கொடுத்துவிட வேண்டும்.

‘அனுபவம் இருக்கு, தெரியும்’ என்று விட்டுவிடுவது

பத்துப் பிள்ளை வளர்த்தவரிடம் நாம் என்ன சொல்வது என்று தயங்குவோம். சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அறிவுரையே மாறியிருக்கிறது. கைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்தால் நன்றாகத் தூங்கும் என்று ஒரு தலைமுறையே நம்பியது. 1990-களில் பல நாடுகள் ‘மல்லாக்கப் படுக்க வையுங்கள்’ என்று பிரசாரம் செய்த பிறகுதான் தூக்கத்தில் திடீரென்று இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஒரு வயது ஆகும்வரை தேன் நாக்கில் தடவக்கூடாது; அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துக்கள் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கலாம். திராட்சையை முழுசாகக் கொடுக்கக்கூடாது, நீளவாக்கில் நாலாகக் கீறித்தான் தர வேண்டும். இதையெல்லாம் சோதனை மாதிரி கேட்காமல், ‘டாக்டர் இப்படிச் சொல்லிட்டாங்கக்கா, நாம ரெண்டு பேருமே இப்படியே செஞ்சிரலாம்’ என்று சொன்னால் அவருக்கும் மனம் நோகாது.

மருந்து விஷயத்தில் மட்டும் மரியாதை பார்த்துச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். மூன்று மணிக்குக் காய்ச்சல் என்று ஆயா பாராசிட்டமால் கொடுத்திருப்பார். நாம் ஐந்தரைக்கு வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு இன்னொரு முறை கொடுப்போம். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நாலு மணி நேரம் இருக்க வேண்டும், அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது, அடிக்கடி மிஞ்சினால் ஈரலைப் பாதிக்கும். எங்கள் வீட்டில் மருந்து டப்பாவோடு ஒரு பேனாவும் சின்ன நோட்டும் ரப்பர் பேண்டில் கட்டி இருக்கும். யார் கொடுத்தாலும் மணி, அளவு, கையெழுத்து. வீட்டிலுள்ள சமையல் கரண்டியால் அளப்பது கிடையாது, மருந்தோடு வந்த அளவுக் குழாய் மட்டும்தான்.

இரண்டு எஜமான், ஒரு ஆயா

காலையில் நான் ‘டிவி போடாதீங்க’ என்று சொல்லிவிட்டுப் போவேன். பத்து மணிக்கு மாமியார் போட்டுவிடுவார். ஆயா யார் பேச்சைக் கேட்பார்? இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அதை ஆயா தலையில் கட்டுவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களோடு நாம்தான் பேசி முடித்திருக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் ஒருவர்தான் சொல்ல வேண்டும். குழந்தை முன்னால் அவரைத் திருத்தவும் கூடாது. நம் குரலில் இருக்கும் ஏளனத்தை இரண்டு வயதுக் குழந்தை அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்த நாள் அவர்மேலேயே பிரயோகிக்கும்.

கேமரா வைப்பதானால் சொல்லிவிட்டு வையுங்கள். அவர் துணி மாற்றும் இடத்திலும் படுக்கும் இடத்திலும் எந்தக் காரணத்தைச் சொல்லியும் வைக்காதீர்கள். ஒளித்து வைத்த கேமரா என்றைக்காவது தெரிந்துதான் போகும், அன்றோடு எல்லாம் முடிந்தது.

அப்புறம் பொறாமை. யாரும் வெளியே சொல்வதில்லை, ஆனால் உண்டு. எட்டு ஒன்பது மாதத்தில் குழந்தைகளுக்குப் பிரிவுப் பயம் வரும். பழகிய முகம் நகர்ந்தாலே அழும். ஆயா கிளம்பும்போது என் மகள் அழுதாள், நான் தூக்கினால் அவர் பக்கமே கையை நீட்டினாள். அன்று ராத்திரி வேறு ஆள் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். நாள் முழுக்கக் கூட இருப்பவரிடம் குழந்தை ஒட்டாமல் இருந்தால்தானே பயப்பட வேண்டும்?

பணம், லீவு, விடைபெறுதல்

சம்பளம் சொன்ன தேதியில் போக வேண்டும். தட்டு உடைந்தால் பிடித்தம் செய்யக்கூடாது. நாங்கள் பத்து நாள் ஊருக்குப் போகிறோம், அவர் வரவில்லை என்று சம்பளத்தைக் கழித்தால், அந்தப் பத்து நாளில் அவர் வேறு வீடு தேடிக்கொள்வார், அது அவர் உரிமை. அட்வான்ஸ் கேட்டால் கொடுக்கலாம், ஆனால் மாதம் எவ்வளவு கழிப்பது என்று அன்றே எழுதிக்கொள்ளுங்கள். கடனைக் காட்டி ஆளைக் கட்டி வைக்க நினைத்தால் மனசில்லாமல் வருபவரிடம் குழந்தையைக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். காய்ச்சலோடு வரச் சொல்லாதீர்கள். அவர் வராத நாளுக்கு யார் என்பதை ஆள் எடுக்கும் நாளிலேயே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பெரும்பாலான வீடுகளில் ஆயா ஒருநாள் இருப்பார், மறுநாள் இருக்க மாட்டார். குழந்தைக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. முதல் அக்கா போன பிறகு என் மகள் நாலைந்து நாள் காலையில் கதவருகே போய் நின்றாள். இரண்டாவது அக்கா மூன்று வருடம் இருந்துவிட்டு, மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் வேறு வீட்டுக்குப் போனார். இந்த முறை ஒரு மாதம் முன்னாலேயே எல்லோருமாகப் பேசிவிட்டோம். கணக்கு முடித்தோம். அடுத்த வீட்டில் காட்டும்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், வேண்டுமானால் எனக்குப் போன் போடச் சொல்லுங்கள் என்று எண்ணும் போட்டேன். அக்காவுக்குப் புது வீட்டில் ஒரு தம்பிப் பாப்பா இருக்கிறான் என்று மகளுக்குச் சொல்லி, அவனுக்காக ஒரு படமும் வரைய வைத்தோம்.

கடைசி நாள் ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். இருவரும் தரையில் உட்கார்ந்து அந்தப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். பை ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.