ஓராண்டு நம் வீட்டுப் பிள்ளை: ரோட்டரி இளைஞர் பரிமாற்றத்தை ஏற்கும் சங்கங்களுக்கு ஒரு கைக்குறிப்பு

பிரான்சிலிருந்தோ பிரேசிலிலிருந்தோ ஒரு மாணவி வரப்போகிறார் என்று தெரிந்ததும் சங்கக் கூட்டத்தில் முதலில் எழும் பேச்சு வரவேற்பு விழாதான். மாலை, சால்வை, பேனர் எல்லாம் ஒரே மாலையில் முடிந்துவிடும். அதன் பிறகு பத்து மாதத்துக்கு மேல் அந்தப் பிள்ளை ஒரு வீட்டில் எழுந்து, குளித்து, பள்ளிக்குப் போய், துணி துவைத்து, காய்ச்சல் வந்து படுத்து, கோபித்துச் சமாதானமாகி வாழ வேண்டும். இந்தக் குறிப்பு அந்த மாதங்களுக்கானது. 15 முதல் 19 வயதுக்குள் உள்ளவர்கள் ஒரு கல்வியாண்டு தங்கிப் படிக்கும் நீண்டகாலப் பரிமாற்றத்தைப் பற்றியே இங்கே சொல்கிறோம்.

வருகிறவரை விருந்தாளியாக நடத்தினால் பரிமாற்றம் தோற்கும். தட்டை எடுக்கவிடாமல், தனியாகத் தெருமுனைக்குப் போகவிடாமல், ஏசி அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டால், பத்து மாதம் கழித்து அவர் நம் ஊரைப் பார்த்துவிட்டுப் போவார், நம்மை அறிந்திருக்க மாட்டார். கீழே சொல்லும் எல்லா ஏற்பாடும் அவரை வீட்டுப் பிள்ளையாக்குவதற்கே.

ஆறு மாதம் முன்பே செய்ய வேண்டியவை

உங்கள் ரோட்டரி மாவட்டத்துக்கு (அரசு மாவட்டம் அல்ல, ஒரு வட்டாரத்து ரோட்டரி சங்கங்களின் தொகுப்பு; இனி ‘மாவட்டம்’ என்பது இதுவே) இளைஞர் பரிமாற்றத்துக்கான ரோட்டரி இன்டர்நேஷனல் சான்று இருக்கிறதா என்று மாவட்டத் தலைவரிடம் உறுதிசெய்யுங்கள். சங்கம் தன்னிச்சையாக, தெரிந்தவர் மூலம் ஒரு பிள்ளையை வரவழைக்கக் கூடாது. அப்படி வந்தால் காப்பீடு, பாதுகாப்பு விதிகள், அவசர உதவி எதுவும் பின்னால் நிற்காது.

அடுத்தது வீடுகள். மூன்று குடும்பங்கள் தேவை, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு மாதம். நான்காவதாக ஒரு குடும்பத்தைக் கட்டாயம் கையிருப்பில் வையுங்கள். தாத்தா மருத்துவமனையில், அண்ணனுக்குக் கல்யாணம், அப்பாவுக்கு இடமாற்றம் என்று மூன்றில் ஒரு வீடு கடைசி நேரத்தில் கைவிரிப்பது வழக்கம். நான்காவது இல்லாவிட்டால், கிடைத்த வீட்டில் சரிபார்க்காமல் விடும் தவறு அப்போதுதான் நடக்கும்.

சரிபார்ப்பு என்றால் முழுமையாக. வீட்டில் வசிக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் பின்னணிச் சோதனை, நேர்காணல், வெளியார் இருவர் மூவரிடம் விசாரிப்பு, வீட்டுக்கே போய்ப் பார்ப்பது எல்லாம் வேண்டும். மாடியில் தங்கியிருக்கும் சித்தப்பாவும் இதில் அடங்குவார். ‘நம்ம ரொட்டேரியன்தானே, முப்பது வருஷப் பழக்கம்’ என்று விட்டுவிடாதீர்கள். சொல்லிவிட்டு ஒரு முறையும் சொல்லாமல் ஒரு முறையும் வீட்டுக்குப் போக வேண்டும், பிள்ளை வந்து சேர்ந்த பிறகும் போக வேண்டும். சங்கடமாக இருக்கிறதா? தலைவர் வீட்டிலிருந்தே தொடங்குங்கள், மற்றவர்கள் மறுக்க மாட்டார்கள்.

வீட்டைப் பார்க்கும்போது பிள்ளைக்கென்று தனிக் கட்டில் உண்டா, உள்ளிருந்து தாழிடக்கூடிய குளியலறை உண்டா என்று பாருங்கள். அறையைப் பகிர்வதானால் ஒத்த வயதுடைய, ஒரே பாலினப் பிள்ளையோடு மட்டும். மாணவியாக இருந்தால் மாதவிலக்கு நாட்களில் அந்த வீட்டின் வழக்கம் என்ன என்று குடும்பத் தலைவியிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். சமையலறைக்குள் வரக் கூடாது என்ற வழக்கம் உள்ள வீடாக இருந்தால், அதை அந்தப் பெண் மாதம் ஒருமுறை தனக்குக் கிடைக்கும் தண்டனையாகவே எடுத்துக்கொள்வார். அசைவம், பூஜையறை, நாய் பூனை, வீட்டில் குடிப்பவர் இருக்கிறாரா என்பதையும் இதே நாளில் கேட்டு முடியுங்கள்.

ஆலோசகர் ஒருவரை நியமியுங்கள். அவர் ஏற்கும் குடும்பத்தைச் சேர்ந்தவராகவோ, பள்ளி முதல்வரைப் போலப் பிள்ளையின் மேல் அதிகாரம் உள்ளவராகவோ இருக்கக் கூடாது. வீட்டைப் பற்றிய குறையையும் பள்ளியைப் பற்றிய குறையையும் சொல்வதற்கான ஆள் அவர். முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு குறைந்தது மாதம் ஒருமுறை, வீட்டுக்கு வெளியே வைத்துப் பேச வேண்டும். குடும்பம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ‘எல்லாம் நல்லா இருக்கா?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்ற பதிலைத் தவிர வேறு வராது. இவரைத் தவிர, குடும்பங்களோடும் ஆலோசகரோடும் நெருங்கிய தொடர்பில்லாத ஓர் ஆண், ஒரு பெண் ஆகியோரின் எண்களையும் பிள்ளையிடம் கொடுத்து வையுங்கள்.

பள்ளியில் 11ஆம் வகுப்பைக் கேளுங்கள். 12இல் சேர்த்தால் வகுப்பே பொதுத்தேர்வு, டியூஷன் என்று ஓடும், பேச நண்பர்கள் கிடைக்க மாட்டார்கள். தேர்வெழுதக் கட்டாயம் இல்லை, வருகை கட்டாயம் என்று முதல்வரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டு, ஓவியம், விளையாட்டு வகுப்புகளுக்குக் கீழ் வகுப்புகளோடு சேர்ந்து போக அனுமதி கேளுங்கள். தமிழுக்கு 2ஆம் வகுப்பில் போய் உட்காருவதுகூட நல்லதே. சீருடைத் துணியைத் தையல்காரரிடம் கொடுக்கப் பத்து நாள் ஒதுக்குங்கள். ஆறடி உயரப் பையனுக்கு ஆயத்த அளவுகள் பொருந்தாது. பள்ளிக் காலணியில் 11ஆம் எண் நம் கடைகளில் எளிதில் கிடைக்காது என்பதால், கறுப்புக் காலணியை ஊரிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள்.

காவல், குடிவரவு, பணம்

விசா 180 நாளுக்கு மேற்பட்டதானால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்த அலுவலகத்தின் இணையதளமான இ-எஃப்ஆர்ஆர்ஓவில் விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட், விசா, பள்ளியின் சேர்க்கைக் கடிதம், தங்கும் வீட்டின் முகவரிச் சான்று, புகைப்படம் எல்லாவற்றையும் அவர் விமானம் ஏறும் முன்பே கோப்பாக்கி வையுங்கள். இது தவிர, பிள்ளை வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் கொடுக்க வேண்டிய தங்கல் அறிவிப்பு ஒன்று உண்டு. ‘சி படிவம்’ என்று எல்லோரும் சொல்லிப் பழகியது அதுதான். முதல் வீட்டில் இதை ஒழுங்காகச் செய்துவிட்டு, இரண்டாம் வீட்டுக்கு மாறும்போது மறந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. வீடு மாறினால் புதிய வீட்டுக்காரரின் அறிவிப்பும் பதிவில் முகவரி மாற்றமும் மறுபடி தேவை. செயலாளரின் நாட்காட்டியில் வீடு மாறும் இரண்டு தேதிகளையும் இன்றே குறித்துவிடுங்கள்.

மாதாந்தரக் கைச்செலவுப் பணம் சங்கம் கொடுக்க வேண்டியது. தொகையை மாவட்டம் சொல்லும். இந்தியக் கணக்கு இல்லாத பிள்ளையால் நம்மைப் போல எல்லாவற்றுக்கும் யுபிஐயில் தட்ட முடியாது. ஆகவே ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று ரொக்கமாக, சில்லறையாக, கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். கூட்டம் வரும்வரை காத்திருந்தால் அதுவரை பஸ்ஸுக்குக்கூட வீட்டாரிடம் கேட்டு நிற்க வேண்டிவரும். பெற்றோர் கட்டிய அவசர நிதி வேறு கணக்கு, இரண்டையும் கலக்காதீர்கள்.

முதல் இரண்டு வாரம்

வந்த அன்று விழா வேண்டாம், தூங்கவிடுங்கள். மறுநாள் பிள்ளை குடும்பத்தோடு உட்கார்ந்து ‘முதல் நாள் கேள்விகள்’ பட்டியலை ஒவ்வொன்றாகக் கேட்டு முடிக்கட்டும். பரிமாற்ற நாடுகள் பலவற்றிலும் உள்ள வழக்கம் இது. நம் வீடுகளுக்கு ஏற்ப இவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்:

உங்களை எப்படிக் கூப்பிடட்டும், அம்மா அப்பாவா, ஆன்ட்டி அங்கிளா?
அழுக்குத் துணியை எங்கே போடுவது? உள்ளாடையை நானே துவைத்து எங்கே காயப்போடுவது?
வாளியும் சொம்பும் வைத்து எப்படிக் குளிப்பது? கழிவறையில் காகிதம் இல்லையே, என்ன செய்வது?
நாப்கினை எதில் சுற்றி எங்கே போடுவது?
இரவில் பசித்தால் பிரிட்ஜைத் திறக்கலாமா?
அறைக் கதவைச் சாத்தினால் தப்பாக நினைப்பீர்களா?
எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், எங்கே தனியாகப் போகலாம்?

கதவுக் கேள்வி சாதாரணமாகத் தெரியும். நம் வீட்டில் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டால் கோபம் என்று அர்த்தம். அவருக்கோ அது நாள் முழுதும் புரியாத மொழி கேட்டுக் களைத்தபின் எடுக்கும் ஓய்வு. முதல் வாரமே பேசாவிட்டால், இரண்டாம் வாரம் ‘பொண்ணு ஒட்டவே மாட்டேங்குது’ என்ற புகார் ஆலோசகருக்கு வரும்.

சாப்பாடும் அப்படித்தான். பாட்டி சோற்றுக் கரண்டியோடு வந்து ‘இன்னும் கொஞ்சம்’ என்பார். நம் பிள்ளை ‘போதும்’ என்று சொன்னபடி தட்டின் மேல் கையை விரித்து மறைக்கும். பாட்டி அந்த விரலிடுக்கில் ஒரு கரண்டி போட்டுவிட்டு, மூன்றாவது ‘போதும்’ வந்தபின் நகர்வார். ஜெர்மனியிலிருந்து வந்த பிள்ளைக்கு இந்த ஆட்டம் தெரியாது. மறுத்தால் மரியாதையில்லை என்று பயந்து, போட்டதையெல்லாம் தின்று வயிறு கெட்டுப் படுக்கும். இன்னொரு பிள்ளை உபசாரத்துக்கு ஒரு முறை ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு, யாராவது திரும்பக் கேட்பார்கள் என்று காத்திருந்து பசியோடு எழும். தானே போட்டுக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளே தொடங்குங்கள். கரண்டியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஒவ்வாமை விண்ணப்பத்தில் இருந்தால் சமையல் செய்பவருக்கு நேரில் விளக்குங்கள். நிலக்கடலை ஆகாது என்றால் வறுத்த கடலையை மட்டும் ஒதுக்கினால் போதாது. சட்னியில், இட்லிப்பொடியில், கடலை எண்ணெயில், கடலைமிட்டாயில் எல்லாம் அது இருக்கிறது. வெளியில் சாப்பிடும்போது கேட்க வேண்டிய வாக்கியத்தைத் தமிழில் எழுதி அட்டையாகக் கொடுங்கள். தெருநாய் கடித்தாலோ, காயத்தின் மேல் நக்கினாலோ, சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதைப் பிள்ளைக்கும் வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள். நாய்க்குட்டியைக் கண்டால் கொஞ்சப் போகும் பிள்ளைகள் இவர்கள். வெறிநாய்க்கடி பலருக்குக் கேள்விப்படாத நோய்.

மொழிதான் சாவி

ஆங்கிலம் நன்றாகப் பேசும் குடும்பங்களையே சங்கங்கள் தேடுகின்றன. குறைந்தது ஒரு வீடாவது அப்படி இல்லாமல் இருக்கட்டும். ஆங்கிலத்தில் எல்லாம் நடந்துவிடும் வீட்டில் பிள்ளை தமிழ் கற்பதில்லை. தமிழ் இல்லாமல் பாட்டியோடும் பஸ் நடத்துநரோடும் பூக்காரம்மாவோடும் பேச்சில்லை.

எழுத்திலிருந்து தொடங்காதீர்கள். அ, ஆ எழுதவைத்து மூன்று மாதம் போக்கியபின் ஒரு டீ கேட்கத் தெரியாமல் நிற்பார்கள். முதல் மாதம் பேச்சு மட்டும். ‘பசிக்குது’, ‘வேணாம்’, ‘போதும்’, ‘எவ்வளவு?’, ‘புரியல’, ‘மெதுவா சொல்லுங்க’, ‘போயிட்டு வர்றேன்’. நாளுக்கு ஐந்து சொல் போதும், மாதத்தில் நூற்றைம்பது ஆகிவிடும். ‘ங்க’ சேர்ப்பதை முதல் நாளிலிருந்தே பழக்குங்கள். ‘வா’, ‘சொல்லு’ என்று தாத்தாவிடம் பேசிப் பழகிவிட்டால், எல்லோரும் சிரித்து ரசிப்பார்கள், யாரும் திருத்த மாட்டார்கள், அதுவே நிலைத்துவிடும்.

வீட்டில் நாள்தோறும் ஒரு வேலை அவருடையதாக இருக்கட்டும். பால் வாங்கிவருவது, செடிக்குத் தண்ணீர், வாசலில் ஐந்து புள்ளிக் கோலம் எதுவும் ஆகலாம். கோலம் நேராக வரப் பல காலை ஆகும். அந்தக் காலைகளில் எதிர்வீட்டு அம்மா வந்து திருத்திக்கொடுப்பார், பேச்சும் தானே வளரும்.

சங்கம் இங்கே ஒரு தவறு செய்கிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும், ஒவ்வொரு ரத்ததான முகாமுக்கும் அந்தப் பிள்ளையைப் பட்டுப்புடவை கட்டி மேடையில் நிறுத்துகிறது. மாதம் ஒரு நிகழ்ச்சி, அதற்கு மேல் வேண்டாம். முகாமுக்கு வந்தால் பதிவு மேசையில் உட்காரவைத்து வேலை கொடுங்கள். நிறத்தைப் புகழ்வதையும் கூட்டமாகச் சூழ்ந்து செல்ஃபி எடுப்பதையும் உறுப்பினர்கள் முதலில் நிறுத்த வேண்டும்.

விதிகளும் சரிவும்

மது, போதைப்பொருள், வாகனம் ஓட்டுதல், காதல் உறவு ஆகிய நான்கும் கூடாது. நம் ஊரில் சறுக்குவது மூன்றாவதில்தான். வகுப்புத் தோழன் ஸ்கூட்டரைக் கொடுத்து ‘ஒரு ரவுண்டு’ என்பான். மீறினால் பாதியிலேயே ஊருக்கு அனுப்பப்படலாம் என்பதைத் தோழர்களுக்கும் சொல்லுங்கள். பின்னால் உட்கார்ந்து போனாலும் தலைக்கவசம் வேண்டும்.

மூன்றாம் மாதம் வாக்கிலும் கிறிஸ்துமஸை ஒட்டியும் மனம் சோரும். நாள் முழுதும் தூக்கம், விடாமல் போனில் ஊர்ப்பேச்சு, சாப்பாட்டில் வெறுப்பு ஆகியவை அறிகுறிகள். இது நோயும் அல்ல, உங்கள் வீட்டின் மேல் குறையும் அல்ல. போனைப் பிடுங்காதீர்கள். வீட்டோடு பேச வாரத்தில் ஒரு நேரத்தை அவரோடு சேர்ந்து முடிவுசெய்து, மாலையை விளையாட்டுக்கோ நடனத்துக்கோ திருப்புங்கள். இரண்டு வாரத்தில் தேறாவிட்டால் மாவட்டத்துக்குச் சொல்லி மனநல ஆலோசகரைப் பார்க்கவையுங்கள்.

துன்புறுத்தல் பற்றிப் பிள்ளை ஏதாவது சொன்னால் விசாரணை நடத்துவது சங்கத்தின் வேலை அல்ல. கேளுங்கள், நம்புங்கள், அன்றே வேறு வீட்டுக்கு மாற்றுங்கள், காவல்துறைக்குச் சொல்லுங்கள். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகாரளிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098. ரோட்டரி இன்டர்நேஷனலுக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும் என்பதால் மாவட்டத்துக்கு உடனே சொல்லுங்கள். சங்கத்தின் பேரைக் காப்பாற்ற ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

வீடு மாறும் நாளும் கிளம்பும் நாளும்

வீடு மாற்றுவதை வார இறுதியில் வையுங்கள். இரண்டு குடும்பமும் முன்பே ஒருமுறை ஒன்றாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். முதல் வீட்டம்மா அழுவார், அது இயல்பு. முதல் மூன்று வாரம் பழைய வீட்டுக்கு இரவு தங்கப் போகாமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் இரண்டாம் வீட்டுக்கு வேரே பிடிக்காது.

கிளம்பும் மாதத்தில் பள்ளியிலிருந்து வருகைச் சான்றை முத்திரையோடு வாங்குங்கள், ஊரில் அவருடைய பள்ளி கேட்கக்கூடும். பெட்டியைப் பத்து நாள் முன்பே எடைபோட்டுப் பாருங்கள். மூன்று வீட்டாரும் பித்தளை விளக்கு கொடுத்திருப்பார்கள். அவசர நிதியில் மிஞ்சியதைச் செலவுச் சீட்டுகளோடு சேர்த்து, விமானம் ஏறும் முன்பே கணக்குத் தீருங்கள்.